அமினோ அமில சப்ளிமென்ட்டும் எடைப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மில் சேர்ந்த ஒருவருக்கு முதல் மாதத்திலேயே யாராவது ஒரு டப்பாவின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பிசிஏஏ, ஈஏஏ, குளுட்டமின், சிட்ருலின், பீட்டா அலனின், கிரியேட்டின் என்று பட்டியல் நீளும். கடைக்குப் போனால் விலையும் நீளும். இவற்றில் எது தூக்கும் எடையைக் கூட்டும், எது பணத்தை மட்டும் குறைக்கும் என்று அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பெரிய நோய் ஏதும் இல்லாத, பதினெட்டு வயது தாண்டியவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்றவர்களுக்கான எச்சரிக்கை பின்னால் தனியாக இருக்கிறது.

அமினோ அமிலமும் புரதமும் ஒன்றுதானா?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட வடிவம். நம் உடல் புரதம் கட்ட 20 வகை அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகிறது. அவற்றில் ஒன்பதை உடலால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும்: லியூசின், ஐசோலியூசின், வேலின், லைசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபேன், ஹிஸ்டிடின். முட்டை சாப்பிட்டாலும் சுண்டல் சாப்பிட்டாலும் குடலில் அந்தச் சங்கிலி அறுபட்டு, கடைசியில் ரத்தத்தில் போய்ச் சேர்வது அமினோ அமிலங்கள்தான். டப்பாவில் வருவது ஏற்கெனவே அறுத்து வைத்தது. சற்று சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிசிஏஏ வாங்கச் சொல்கிறார் ஜிம் மாஸ்டர். வாங்கலாமா?

அன்றாடம் போதிய புரதம் சாப்பிடுகிறீர்கள் என்றால் வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அதிகம் விற்பதும் அதிகம் கேட்கப்படுவதும் இதுதான்.

மேலே சொன்ன ஒன்பதில் லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று மட்டும் சேர்ந்தது பிசிஏஏ. பெரும்பாலும் 2:1:1 என்ற விகிதத்தில் இருக்கும். மூன்றில் முக்கியமானது லியூசின். தசை செல்லுக்குள் எம்டார் என்றொரு அமைப்பு இருக்கிறது. லியூசின் அளவு ஏறியதும் அது விழித்துக்கொண்டு ‘புதுத் தசைப் புரதம் கட்டு’ என்று உத்தரவு போடுகிறது. இது உண்மை, ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தது. விளம்பரங்கள் இந்தப் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன.

உத்தரவு வந்தால் போதுமா? கட்டுவதற்கு ஒன்பதும் வேண்டும். கல்யாணச் சமையலுக்கு ஆளை வரவழைத்துவிட்டு, மளிகைச் சாமானில் மூன்றை மட்டும் வாங்கி வைத்தால் சமையல் எவ்வளவு தூரம் நடக்குமோ அவ்வளவு தூரம்தான் இதுவும் நடக்கும். மீதி ஆறுக்கு உடல் தன் சொந்தத் தசையைத்தான் உடைத்து எடுக்கவேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் வுல்ஃப் 2017-இல் இந்தத் தர்க்கத்தை எழுதி, பிசிஏஏ மட்டும் தனியாகச் சாப்பிட்டால் தசை வளரும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை என்று முடித்தார். அதே ஆண்டு பிரிட்டனில் நடந்த இன்னொரு ஆய்வில், எடைப் பயிற்சிக்குப் பின் 5.6 கிராம் பிசிஏஏ குடித்தவர்களுக்குத் தசைப் புரத உற்பத்தி, வெறும் பானம் குடித்தவர்களைவிட 22 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆக, முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அதே அளவு பிசிஏஏ உள்ளடங்கிய வே புரோட்டீன், அதாவது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பொடி, குடித்தால் அதைப்போல இரண்டு மடங்கு அளவுக்குப் பலன் கிடைக்கிறது என்பதை முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. வேயில் மீதி ஆறும் இருக்கிறது, காரணம் அதுதான்.

ஒரு ஸ்கூப் வேயில், அதாவது சுமார் 25 கிராம் புரதத்தில், 2.5 கிராம் லியூசின் வந்துவிடும். நான்கு முட்டையில் ஏறக்குறைய 2 கிராம். ஒருவேளைக்கு 2 முதல் 3 கிராம் லியூசின் இருந்தாலே எம்டார் நன்றாக விழித்துக்கொள்ளும். இதற்குமேல் தனியாக இன்னும் லியூசின் ஊற்றினால்? நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். புரதம் போதுமான அளவு சாப்பிடும் இளைஞர்களிடம் தூக்கும் எடையும் கூடவில்லை, தசையும் கூடவில்லை.

குடித்தால் மறுநாள் வலி குறைகிறதே?

குறையலாம். கடும் பயிற்சிக்கு அடுத்த ஒன்றிரண்டு நாள் வரும் தசைவலி பிசிஏஏ எடுத்தவர்களுக்குச் சற்றுக் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இந்த ஆய்வுகளில் பலவற்றில் பிசிஏஏ குழுவை ஒப்பிட்டது எதுவும் தராத குழுவோடு. முழுப் புரதம் தந்த குழுவோடு அல்ல. ஒரு டம்ளர் பாலோடு ஒப்பிட்டிருந்தால் கதை மாறியிருக்கும் என்பது என் சந்தேகம். வலி குறைவதும் பலம் கூடுவதும் வேறு வேறு என்பதையும் மறக்கவேண்டாம்.

பயிற்சியின்போது சோர்வு வராது என்கிறார்களே?

இதன் பின்னால் ஒரு பழைய கருத்து இருக்கிறது. டிரிப்டோஃபேன் மூளைக்குள் போனால் செரோடோனின் ஆகிறது, அது சோர்வைத் தருகிறது; பிசிஏஏ அதே வாசலில் போட்டி போட்டு டிரிப்டோஃபேனைத் தடுக்கும் என்பது. 1980-களில் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் எரிக் நியூஸ்ஹோம் முன்வைத்தது. கேட்க அழகாக இருக்கிறது. நீண்ட தூர ஓட்டத்திலேயே இது உறுதிப்படவில்லை. 45 நிமிட ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ்ஸுக்கு இதை இழுத்து வருவது ரொம்ப தூரம்.

அப்படியானால் ஈஏஏ?

உடலால் செய்துகொள்ள முடியாத ஒன்பதும் சேர்ந்தது ஈஏஏ. அதனால் பிசிஏஏவைவிட நிச்சயம் மேல். கிராமுக்குக் கிராம் வேயைவிடவும் வேகமாக வேலை செய்யும். 6 முதல் 10 கிராம் போதும். ஆனால் விலையைப் பாருங்கள். அதே பணத்தில் நல்ல வே புரோட்டீன் வாங்கினால் அதிக நாள் வரும்.

ஈஏஏ பொருந்துகிற இடங்கள் சில உண்டு. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், உடல் எடையைக் குறைக்க ஒவ்வொரு கலோரியையும் எண்ணுபவர்கள், அப்புறம் வயதானவர்கள். வயது ஏற ஏறத் தசை புரதத்துக்குக் காட்டும் பதில் மந்தமாகிவிடுகிறது. இளைஞருக்கு ஒருவேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.24 கிராம் புரதத்தில் கிடைக்கும் விளைவுக்கு, எழுபது வயதுக்காரருக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள தாத்தா ஒருவேளைக்கு 24 கிராம் புரதம் சாப்பிடவேண்டும். இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவருக்கு இது நடக்கிற காரியமா? அங்கே சிறிய அளவில் ஈஏஏ உதவும். நம் வீடுகளில் டப்பா உண்மையிலேயே தேவைப்படுவது பேரனுக்கு அல்ல, தாத்தாவுக்குத்தான் என்று அடிக்கடி தோன்றும்.

போதுமான புரதம் என்றால் எவ்வளவு?

சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வரையறுத்தன. எடைப் பயிற்சி செய்கிறவருக்கு இது போதாது. 49 ஆய்வுகளை, 1,863 பேரின் விவரங்களை ஒன்றாக அலசி 2018-இல் வெளிவந்த ஆய்வு, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை கூட்டினால் தசை கூடுகிறது, அதற்குமேல் போனால் பெரிதாக ஒன்றும் சேர்வதில்லை என்றது. தாராளமாக வைத்தாலும் 2.2 கிராம்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு எண். ஒரே ஒருமுறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில், கூடுதல் புரதத்தால் வந்த லாபம் சராசரியாக வெறும் 2.5 கிலோ. தசையில் 300 கிராம். மீதி முன்னேற்றம் முழுவதும் பயிற்சியால் வந்தது. முழுப் புரதத்துக்கே இவ்வளவுதான் பங்கு என்றால், அதிலிருந்து மூன்று அமினோ அமிலங்களைப் பிரித்தெடுத்து விற்பதற்கு எவ்வளவு பங்கு இருக்கமுடியும்?

சைவச் சாப்பாட்டில் 1.6 கிராம் வருமா? பருப்பில் அமினோ அமிலம் முழுமையாக இல்லை என்கிறார்களே?

70 கிலோ ஆளுக்கு 112 கிராம் வேண்டும். நாலு இட்லியில் 8 கிராம், நாள் முழுவதுக்குமான சோற்றில் 10, 60 கிராம் பருப்பில் 14, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கிண்ணம் தயிரில் 7, 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, 50 கிராம் நிலக்கடலையில் 12, 100 கிராம் பன்னீரில் 18, 50 கிராம் சோயா உருண்டையில் 26. கூட்டினால் 121. சோயாவையும் பன்னீரையும் எடுத்துவிட்டால் எழுபத்தேழுக்கு இறங்கிவிடுகிறது. சாம்பார், ரசம், மோர் என்று சாப்பிடுகிறவர் தன் சாப்பாட்டில் புரதம் நிறைய இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். இங்கே வே ஒரு ஸ்கூப் எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை, அது வசதிக்கான உணவு.

முழுமை பற்றி: அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். இட்லி, பொங்கல், அடை, பருப்புச் சாதம் எல்லாம் அந்தச் சேர்க்கைதான். ஒரே வேளையில் சேரவேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். பருப்புப் புரதத்தில் லியூசின் ஏழெட்டு சதவீதம்தான், வேயில் பத்து பதினொன்று. அதனால் செடி உணவை மட்டும் நம்புகிறவர் ஒருவேளைக்குச் சற்று அதிகமாகச் சாப்பிடவேண்டும், அவ்வளவே.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. 200 கிராம் கோழி, நாலு முட்டை, ஒருவேளை மத்தி மீன், இவற்றோடு வழக்கமான சோறும் பருப்பும் போதும்.

கிரியேட்டினும் அமினோ அமிலமா? எடுக்கலாமா?

புரதம் கட்டும் இருபதில் ஒன்றல்ல. ஆனால் அர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களிலிருந்து உடலே செய்துகொள்வது. இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் சிபாரிசு செய்கிற ஒரே பொருள் இது.

ஒரு கனமான செட்டில் முதல் பத்து விநாடிக்குள் தசை செலவழிக்கும் ஏடிபி என்ற எரிபொருளை உடனே மீட்டுத் தருவது கிரியேட்டின் பாஸ்பேட். சேமிப்பு அதிகமிருந்தால் எட்டாவது ரெப்பில் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) நிற்கிற இடத்தில் ஒன்பதாவது, பத்தாவது வரும். ஒரு நாளில் இது சின்ன விஷயம். மாதக்கணக்கில் ஒவ்வொரு செட்டிலும் கூடுதலாக ஒரு ரெப் சேரும்போது பலமும் தசையும் ஏறுகின்றன. பொடியாகச் சாப்பிட்டால் தசையில் சேமிப்பு கூடுகிறது என்று ஆய்வாளர்கள் ரோஜர் ஹாரிஸும் எரிக் ஹல்ட்மனும் காட்டியது 1992-இல். அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் ஓட்டக்காரர்கள் பயன்படுத்திய செய்தி வந்தபின் உலகம் முழுக்கப் பரவியது. இத்தனை ஆண்டு, இத்தனை ஆய்வுக்குப் பிறகும் நிலைத்து நிற்கிற சப்ளிமென்ட்கள் வெகு சில.

கிரியேட்டின் மோனோஹைட்ரேட், தினம் 3 முதல் 5 கிராம். பயிற்சிக்கு முன்னா பின்னா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் தினமும் 20 கிராம் என்று ‘லோடிங்’ செய்தால் சீக்கிரம் நிரம்பும். செய்யாவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும். முதல் வாரங்களில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம், அது தசைக்குள் சேரும் தண்ணீர். உணவில் கிரியேட்டின் இருப்பது இறைச்சியிலும் மீனிலும்தான். சைவர்களுக்குச் சேமிப்பு குறைவாக இருப்பதால் அவர்களுக்குப் பலன் பெரும்பாலும் தூக்கலாகவே தெரியும். ஹெச்சிஎல், எதில் எஸ்டர் என்று விலை கூட்டி விற்கும் வேறு கிரியேட்டின் வடிவங்கள் மோனோஹைட்ரேட்டைவிட மேல் என்று காட்டப்படவில்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தைச் சோதிக்க அளக்கும் ‘கிரியேட்டினின்’ என்ற கழிவுப்பொருளின் அளவு சற்று ஏறிக் காட்டும், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பதறுவார்கள்.

பீட்டா அலனின் குடித்தால் முகமெல்லாம் ஊசி குத்துகிறது. ஆபத்தா?

இல்லை. தோலில் உள்ள நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வரும் குறுகுறுப்பு அது, ஒரு மணி நேரத்தில் போய்விடும். அளவைப் பிரித்து எடுத்தால் குறையும். குறுகுறுத்தால் வேலை செய்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு, அதற்கும் பலனுக்கும் தொடர்பில்லை. தசையில் ஹிஸ்டிடினோடு சேர்ந்து கார்னோசினாக மாறி, கடும் பயிற்சியில் உண்டாகும் அமிலத்தன்மையைத் தாங்கிக்கொள்ள உதவுவதுதான் இதன் வேலை. இதைக் காட்டியதிலும் அதே ஹாரிஸுக்குப் பங்கு உண்டு, 2006-இல். தினம் 3.2 முதல் 6.4 கிராம், குறைந்தது நான்கு வாரம் வேண்டும். பலன் தெரிவது ஒன்று முதல் நான்கு நிமிடம் நீளும் முயற்சியில். மூன்று ரெப், ஐந்து ரெப் என்று கனமாகத் தூக்குகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை. இருபது ரெப் ஸ்குவாட், ஓய்வு குறைத்த சர்க்யூட் செய்கிறவர் யோசிக்கலாம்.

அர்ஜினின், சிட்ருலின்: ‘பம்ப்’ வருமா?

பம்ப் என்பது ரத்தம் பாய்ந்து தசை புடைத்துத் தெரிவது. இரண்டையும் எடுப்பது ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்காக. அர்ஜினினை வாய்வழி சாப்பிட்டால் குடலும் கல்லீரலும் பெரும்பகுதியை வழியிலேயே செலவழித்துவிடும். சிட்ருலின் அங்கே தப்பித்து, சிறுநீரகத்தில் அர்ஜினினாக மாறுகிறது. அதனால் ரத்தத்தில் அர்ஜினினைக் கூட்ட அர்ஜினினைவிட சிட்ருலினே சிறந்த வழி. வேடிக்கைதான். 2010-இல் வந்த ஓர் ஆய்வில் 8 கிராம் சிட்ருலின் மாலேட் எடுத்தவர்கள் பெஞ்ச் பிரஸ்ஸின் கடைசி செட்டில் சுமார் 53 சதவீதம் அதிக ரெப் செய்தார்கள் என்று வந்தது, விற்பனையும் பறந்தது. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பலன் உண்டு, ஆனால் சின்னது என்று முடிந்தது. தர்பூசணியில் சிட்ருலின் இருக்கிறது என்பார்கள். அந்த அளவுக்குச் சில கிலோ பழம் சாப்பிட்டுவிட்டு ஸ்குவாட் செய்யப் போகவேண்டும், உங்கள் விருப்பம்.

அர்ஜினின், ஆர்னிதின் எல்லாம் வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டும் என்று இரவில் சாப்பிடச் சொல்வது பழைய வியாபாரம். ஒரு நல்ல பயிற்சி அதைவிட அதிகமாகக் கூட்டும், அந்த ஏற்றமும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

குளுட்டமின்?

வேண்டாம். ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் அமினோ அமிலம் இதுதான், உடலே செய்துகொள்கிறது. வாயில் போட்டதில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எடுத்துக்கொள்ளும். எடைப் பயிற்சியோடு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த 2001 ஆய்வில் பலத்திலும் தசையிலும் வித்தியாசம் இல்லை.

ஹெச்எம்பி?

லியூசின் உடலில் சிதையும்போது சுமார் 5 சதவீதம் ஹெச்எம்பி ஆகிறது. புதிதாகப் பயிற்சி தொடங்கியவர்களுக்கும், படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கும் கொஞ்சம் பயன் இருக்கலாம். ஸ்டீராய்டுக்குச் சமம் என்பதுபோல் வந்த சில முடிவுகளை மற்ற ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். பழகிய ஆட்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் தசை கரையுமா? அதற்காவது பிசிஏஏ வேண்டாமா?

முந்தைய இரவு ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் பயிற்சி செய்வதால் தசை கரைந்துவிடாது. முடித்ததும் சாப்பிடுங்கள். நோன்புக் காலத்தில் பகலில் எதுவும் குடிக்க முடியாதவர்கள், நோன்பு திறந்தபின் பயிற்சி வைத்துக்கொண்டு புரதத்தை இஃப்தாருக்கும் சஹருக்கும் பிரித்துக்கொள்ளலாம். இன்னொன்று: ‘விரதத்தைக் கெடுக்காது’ என்று பிசிஏஏ விற்கிறார்கள். அமினோ அமிலத்துக்கும் கிராமுக்குச் சுமார் 4 கலோரி உண்டு, இன்சுலினையும் அது தொடும்.

யார் கண்டிப்பாகத் தவிர்க்கவேண்டும்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதமோ அமினோ அமிலமோ கிரியேட்டினோ மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. ஆரோக்கியமான சிறுநீரகத்தைப் புரதம் கெடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் நம் ஊரில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தெரியாமலே பல பேருக்கு இருக்கிறது, சிறுநீரகம் பாதித்ததும் தெரியாமலே இருக்கும். முப்பது தாண்டியவர்கள் ஒருமுறை பரிசோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஃபினைல்கீட்டோன்யூரியா (ஃபினைல்அலனினை உடலால் சிதைக்க முடியாத பிறவிக் கோளாறு) உள்ளவர்களுக்கு ஃபினைல்அலனின் உள்ள ஈஏஏ ஆகாது. கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் எடுக்கவேண்டாம்.

இயற்கையான பொருள்தானே, என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 1989 நினைவிருக்கட்டும். டிரிப்டோஃபேன் மாத்திரை சாப்பிட்ட அமெரிக்கர்களில் 1,500 பேருக்கு மேல் கடும் தசைவலியும் ரத்த அணுக்களில் மாற்றமுமாக விழுந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வந்த சரக்கோடுதான் பெரும்பாலான பாதிப்பும் தொடர்புபட்டிருந்தது. அதில் கலந்திருந்த மாசுகள்மேல் சந்தேகம் விழுந்தது. எந்த அமினோ அமிலம் என்பதோடு யார், எப்படிச் செய்தது என்பதும் முக்கியம்.

டப்பா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணும், இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கவேண்டும். மூடிக்குக் கீழே உள்ள சீல், தொகுப்பு எண், காலாவதித் தேதி பாருங்கள். பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

‘அமினோ ஸ்பைக்கிங்’ என்றொரு தில்லுமுல்லும் உண்டு. புரதத்தை அளக்க வழக்கமாக நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவுச் சரக்கைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், லேபிளில் புரதமும் ஏறும். புரோட்டீன் டப்பாவின் பொருள் பட்டியலில் இவை தனியாக எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ‘தனிக் கலவை’ என்று மொத்த எடையை மட்டும் போட்டு, எது எத்தனை கிராம் என்று சொல்லாத டப்பாவும் அப்படியே.

சைவர்கள் பச்சைப் புள்ளியைப் பார்க்கவும். லியூசின் போன்றவற்றை முடி, இறகு போன்றவற்றைக் கரைத்து எடுக்கும் முறை உண்டு. இப்போது நுண்ணுயிரைக் கொண்டு நொதிக்க வைத்து எடுப்பதும் பரவலாக இருக்கிறது.

போட்டிக்குப் போகிறவர்கள் என்ன கவனிக்கவேண்டும்?

லேபிளில் இல்லாதது உள்ளே இருக்கலாம். 2004-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், பல நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களில் 94-இல், லேபிளில் சொல்லாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. ‘அறியாமல் சாப்பிட்டேன்’ என்பது ஊக்கமருந்து விதிகளில் செல்லாது. 2010-இல் இந்திய வீரர்கள் பலர் மெத்தில்ஹெக்சனமின் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கப்பொருளுக்குச் சிக்கினார்கள்; பயிற்சிக்கு முன் குடிக்கும் ‘பிரீ-வொர்க்அவுட்’ பொடிகளில் அப்போது அது சகஜம். மாநிலப் போட்டிக்குப் போகிறவராக இருந்தாலும், தொகுதி தொகுதியாகப் பரிசோதித்துச் சான்று பெற்றதை மட்டும் வாங்குங்கள். பிரீ-வொர்க்அவுட்டில் உங்களைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் கஃபீன்தான். ஸ்ட்ராங்கான ஃபில்டர் காபி அந்த வேலையைச் செய்யும், லேபிளும் தேவையில்லை.

பாதி பிசிஏஏ டப்பா மீதமிருக்கிறது. என்ன செய்ய?

காலாவதியாகவில்லை என்றால் தீர்த்துவிடுங்கள், கெடுதல் இல்லை. சும்மா தண்ணீரில் குடிப்பதைவிட, புரதம் குறைவான வேளையோடு, உதாரணமாக சோறும் ரசமும் மட்டும் சாப்பிடுகிற நாளில், சேர்த்துக் குடித்தால் கொஞ்சம் அர்த்தமுண்டு. லியூசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, மேலே மிதக்கும், கசக்கும். ஷேக்கரை நன்றாகக் குலுக்குங்கள், குடித்த கையோடு கழுவிவிடுங்கள்.